நீலக்கோழிக்கு விட்ட ஈசானிய மூலை

எங்கள் வீட்டில் சூரியன் தெற்கே உதிக்கும். பள்ளிக்கூடத்தில் திசைப் பாடம் நடந்தபோது எழுந்து நின்று இதைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது, மிஸ் காதைத் திருகினார். நான் விடவில்லை. "எங்கப்பாவே சொல்லியிருக்காரு மிஸ்" என்றேன். அப்பா சொன்னால் எனக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், பொம்மனஹள்ளிப் பக்கம் கெரேயை ஒட்டி அப்பா வீடு கட்ட ஒரு சைட்டு வாங்கியிருந்தார். ஏரிக்குக் கன்னடத்தில் கெரே என்று பெயர். எங்கள் வீட்டுத் தமிழிலும் அதுதான் பெயர். சைட்டின் ஒரு மூலை பள்ளம். மழை பெய்தால் ஏரித் தண்ணீர் ஏறி வந்து அங்கே நிற்கும். ஆள் உயரத்துக்குச் சம்புப் புல்லும் கோரையும் மண்டிக் கிடக்கும். அதற்குள் நீலக்கோழிகள் இருந்தன. ஊதா கலந்த நீல உடம்பு, சிவப்பு மூக்கு, உடம்புக்குப் பொருந்தாத நீள விரல்கள். அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிற தங்கை மாதிரி நடக்கும்.

மண்ணடித்து மேடாக்கி, அந்த மூலையில் இரண்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடுவது அப்பாவின் திட்டம். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அவள் தங்கவயலில் பிறந்தவள். கதவைத் திறந்தால் எதிரே சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி வளர்ந்த சயனைடு மேடு. காற்றடித்தால் சோற்றில் தூள் விழும்.

"அந்த மேட்டப் பாத்தே வளந்தவ நானு. அதுல புல்லுகூட மொளைக்காது. இங்க கோழி குஞ்சு பொரிச்சிக்கீது. இதையும் மேடாக்கணுமா?" என்று கேட்டாள்.

அப்பா சாப்பிட்டு முடித்து எழுந்தார். கை கழுவும்போது சொன்னார். "பொண்டாட்டி பேச்சக் கேட்டு கோழிக்கு எடம் உட்டேன்னு சொன்னா எங்கண்ணன் காறித் துப்புவாரு." ஞாயிற்றுக்கிழமைக்கு மண் லாரி சொல்லியாகிவிட்டது. அம்மா அடுப்படியில் முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, ஜீவனஹள்ளியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். சாமி கும்பிடாதவர். வாஸ்து என்று யாராவது சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார். அப்பாவோ அந்த வருடம் முழுக்க வாஸ்துப் பைத்தியமாகத் திரிந்தார். அவர் வேலை பார்த்த பொம்மசந்திரா ஃபேக்டரியில் பாதிப் பேருக்கு அது பிடித்திருந்தது. மற்றவர்கள் சீப்பு வைக்கிற சட்டைப் பையில் அப்பா திசைகாட்டி வைத்திருப்பார்.

"மாப்ளே, மண்ணடிக்கறதுக்கு முன்னாடி மூலை பாத்தீங்களா? ஈசானியமா இருந்து தொலைக்கப் போவுது" என்றார், லாரி வருவதற்குள் வீட்டுக்கு வந்த மாமா. அவர் முகத்தில் வழிந்த பக்தியைப் பார்த்து அம்மாவே மிரண்டு போனாள். வடகிழக்கு மூலைதான் ஈசானியம். அது தாழ்ந்திருக்க வேண்டும், தண்ணீர் நிற்க வேண்டும், அழுக்கு படக்கூடாது. கை வைத்தால் குடும்பம் விளங்காது. அப்பாவுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

சைட்டுக்குப் போக மாமா பார்த்து வைத்திருந்தது உச்சிவெயில் நேரம். நிழல்கூடக் காலடியில் ஒடுங்கிக் கிடந்தது. அப்பா ஒரு செங்கல்லின் மேல் திசைகாட்டியை வைத்தார். மாமா தன் சாப்பாட்டுப் பையை என்னிடம் கொடுத்து, "பாப்பா, செங்கல்லாண்ட ஒட்டி உக்காரு. அசையாத" என்றார். அம்மாடி, என்ன கனம் அந்தப் பை! முள் ஆடியது, சுற்றியது, நின்றது. சம்புப் பள்ளம் அச்சாக வடகிழக்கில் இருந்தது. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமாவும் போட்டுக்கொண்டார். லாரி வேண்டாமென்று சொல்ல அப்பாவே சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார்.

பஸ்ஸில் வரும்போது மாமா பையைத் திறந்து காட்டினார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டையோடு இருந்தது. "உங்கப்பன்கிட்ட சொன்னே, தோலை உரிச்சிடுவேன்" என்றார். நான் ஏன் சொல்கிறேன்? எங்கள் சைட்டுக்காக மாமா திசைகளையே நகர்த்தி வைத்துவிட்டார் என்று நம்பியவள் நான். மிஸ்ஸிடம் காதைக் கொடுத்ததும் அந்த நம்பிக்கையில்தான்.

அதன் பிறகு எல்லாம் அம்மா ஆசைப்பட்டபடி, அம்மா வாயைத் திறக்காமலே நடந்தது. சமையலறைத் தண்ணீரைப் பள்ளத்தில் விடலாம் என்று மேஸ்திரி சொன்னதும், "ஈசானியத்துல சாக்கடையா!" என்று அப்பா எகிறி, எதிர்ப்பக்கம் குழி தோண்ட வைத்தார். சிமென்ட் சட்டியை அங்கே கழுவக்கூடாது. அந்தப் பக்கம் காம்பவுண்டும் எழுப்பக்கூடாது. "பாதி சைட்ட சேத்துக்கு உட்டுட்டியேடா" என்று பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டபோது, "ஈசானியமாச்சேண்ணா, கை வெக்க முடியுமா?" என்றார் அப்பா. பெரியப்பாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் ஒன்று, அந்தத் திசைகாட்டியை அப்பா அங்கே மறுபடி வெளியே எடுத்து நான் பார்த்ததில்லை.

இன்று எங்கள் தெருவில் எல்லா வீடுகளும் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. எங்கள் மூலையில் மட்டும் சம்பு நிற்கிறது, விடிந்ததும் நீலக்கோழி கத்துகிறது. மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் அவரை மனதுக்குள் கும்பிடுகிறேன், தெரிந்தால் திட்டுவார். அப்பாவையும் கும்பிட வேண்டும் என்று தெரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

வீடு கட்டிக் குடிவந்த வருடம், புது வீட்டில் முதல் பொங்கல். அடுப்பு சூரியனைப் பார்த்து இருக்க வேண்டும். இருட்டு பிரிவதற்குள் அப்பா கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். கிழக்கு என்று ஊருக்கெல்லாம் அவர் சொல்லி வந்த வாசலைத் தாண்டி, தெற்கு என்று சொல்லி வந்த பக்கம் நேராகப் போனார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அடுப்பைக் கூட்டினார். நேர் எதிரே சூரியன் வந்தது. முதல் ஷிப்டுக்கு அந்தச் சூரியனைப் பார்த்தே வருடக்கணக்காகச் சைக்கிள் மிதித்தவர், விழுந்து கும்பிட்டார்.

அம்மா வைத்த கண் வாங்காமல் அவரையே பார்த்தாள். "என்னிய இன்னாத்துக்குப் பாக்கறே? பானையப் பாரு, பொங்கப் போவுது" என்றார் அப்பா. அம்மா சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்று நினைத்தேன்.

அப்பாவின் சட்டைப் பையில் திசைகாட்டி பத்திரமாக இருந்தது. பாவம், பார்க்க மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.