வெள்ளைப்பாறைக்கு வந்த பெயர்

சுப்ரியா அதிகம் பேசமாட்டாள். பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியர் ஜெயராமின் ஒரே மகள். பத்தாம் வகுப்புவரை தமிழில் படித்து, கல்லூரியில் நிலவியலை ஆங்கிலத்தில் படித்தாள். கனிமம் தேடும் ஒரு குழுவில் தற்காலிக வேலை கிடைத்தது. சீவலப்பேரிக்கு அந்தப்பக்கம் வயல்களை ஒட்டிக் கிடந்த வெள்ளைப்பாறையில் லித்தியம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாதிரிக் கற்களைச் சுமக்க, பாறையின் பெயரையே கொண்ட பக்கத்து ஊரிலிருந்து சுடலைவடிவு வந்தாள். நடவு, களையெடுப்பு என்று வயலில் கிடந்து காய்த்த கை. முதல் நாளே, "பிள்ளே, தலையில துணியப் போடு, வெயிலு மண்டையப் பொளக்கும்" என்று தன் துண்டை நீட்டினாள். அதற்குப் பிறகு வேலை முடியும்வரை சுப்ரியா அவளுக்குப் பிள்ளைதான்.

கடைசி நாள் ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். பாறையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். குழுத் தலைவர் பாக்கியசீலன், "நீயே சொல்லும்மா, உனக்குத்தான் தமிழ் நல்லா வருது" என்று ஒதுங்கிக்கொண்டார்.

சுப்ரியா சொன்னாள். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் நிலமும் நிலமும் மோதி இங்கே பெரிய மலைத்தொடர் எழும்பியிருந்தது. அதன் அடியில் பாறை உருகிக் குழம்பாகி, பைய ஆறியது. ஆறும்போது சாதாரணக் கல்லெல்லாம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு முதலில் உறைந்து தாய்ப்பாறையாகிவிடும். லித்தியம், டான்டலம் போன்ற அரிய உலோகங்களுக்கு அந்தக் கற்களில் இடம் கிடையாது. அவை கடைசியாக மிஞ்சிய குழம்பில், நீரோடு சேர்ந்து நிற்கும். அந்தக் குழம்பு வெடிப்புகளில் புகுந்து பெரிய பெரிய படிகங்களாக இறுகும். தாய்ப்பாறையை விட்டுத் தூரமாகப் போனதில்தான் பெரும்பாலும் அரிய உலோகம் இருக்கும்.

"அப்போ நம்ம பாறை?" என்றார் டீக்கடை பிச்சைக்கண்ணு.

புத்தகத்தில் இருந்த ஆங்கிலச் சொல் அவள் மனதில் வந்தது. அதற்குத் தமிழ்ச்சொல் சட்டென்று கிடைத்ததில் ஒரு சந்தோஷம்கூட.

"இது தாய்ப்பாறைக்குப் பக்கத்துலயே நின்னுட்டு. ஒண்ணும் கிடையாது. மலட்டுப் பாறை."

கூட்டத்தில் ஒருவன், "ஏளா சுடலைவடிவு, ஒனக்குத் தொணைக்கு ஆளு கெடச்சுட்டு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் சுப்ரியாவுக்கு உறைத்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சுடலைவடிவு வீட்டில் தொட்டில் ஆடவில்லை. உலோகம் இல்லாத பாறை என்று சொல்லியிருக்கலாம். அந்த நொடியில்கூடத் திருத்தியிருக்கலாம். அவள் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள். சுடலைவடிவு கல்மூட்டையைத் தூக்கி ஜீப்பில் போட்டுவிட்டு, "வாரேன் மேடம்" என்று நடந்தாள்.

அந்த 'மேடம்' என்ற சொல் சில மாதங்களாக நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஒரு விடுமுறை நாளில் சுப்ரியா சுடலைவடிவைப் பார்க்க டவுன் பஸ் ஏறினாள். பெண்களுக்குக் காசில்லாத சீட்டு என்றாலும் இறங்குகிற இடத்தைச் சொல்லியாக வேண்டும்.

"வெள்ளைப்பாறை ஒண்ணு."

"எது? மலட்டுப்பாறையா?" என்றார் கண்டக்டர். கேலி இல்லை. வேறெந்த நிறுத்தத்தையும் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

சுப்ரியா சீட்டை வாங்கிக்கொண்டாள். அந்த நேரம் முன் இருக்கையிலிருந்து சுடலைவடிவின் குரல் கேட்டது. "வாய்க்கா பாலம்." அது வெள்ளைப்பாறைக்கு ஒரு நிறுத்தம் முன்னால். சுப்ரியாவும் அங்கேயே அவள் பின்னால் இறங்கினாள்.

"அக்கா, வீடு அடுத்த ஸ்டாப்புல்லா? இங்கன ஏன் எறங்குதீய?"

சுடலைவடிவு அவளை அடையாளம் கண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அங்க கண்டக்டரு அந்த ஸ்டாப்பு பேரச் சொல்லிக் கூப்புடுவாரு. நான் எந்திரிச்சுப் போணும். பஸ்ஸே பாக்கும்."

வாய்க்கால் கரையில் இருவரும் நடந்தார்கள். சுப்ரியா வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த பேச்சு துண்டு துண்டாக வந்தது. "தப்பு என் மேலதான்க்கா. இங்கிலீஷ்ல அந்த மாதிரிப் பாறைக்கு அப்படித்தான் பேரு. நான் அத அப்படியே..."

"இங்கிலீஷ்லயே சொல்லியிருக்கலாம்லா. ஒருத்தனுக்கும் வெளங்கியிருக்காது." லேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "வார்த்தை வாயில வந்துட்டு, அது போட்டும். அவனுவ சிரிக்கும்போது நீங்க என்னையப் பாத்தீய. பாத்துட்டுப் பேனாவ மூடுனீய."

சுப்ரியா நடையை நிறுத்திக் கேட்டாள்.

"நான் டீக்கடையில போய்ச் சொல்லட்டா, அந்தப் பேரு வேண்டாம்னு?"

"எதுக்கு? இன்னும் ரெண்டு நாளு சிரிக்கதுக்கா? நீங்க வெயிலுக்கு முன்ன ஊரு போய்ச் சேருங்க மேடம்."

சுடலைவடிவு வரப்பில் இறங்கி வீட்டுப்பக்கம் போனாள். சுப்ரியா தனியாக அடுத்த நிறுத்தம்வரை நடந்து நின்றாள். திரும்பி வந்த அதே பஸ் மெதுவாகும்போது படியிலிருந்து கண்டக்டர் குரல் கொடுத்தார். "மலட்டுப்பாறை எறங்கு."

அவள் ஏறினாள். உட்காரவில்லை.

"அண்ணாச்சி, இந்த ஸ்டாப்புக்குப் பேரு வெள்ளைப்பாறை."

"இருக்கட்டும்மா. இப்ப எல்லாரும் இப்படித்தான சொல்லுதாங்க. கல்லு பாக்க வந்த படிச்ச பொம்பள ஒருத்தி வச்ச பேரு."

"நான்தான் வச்சேன். தப்பா வச்சுட்டேன். நீங்க இனிமே அதச் சொல்லாதீங்க."

குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் அவளை ஒரு முறை பார்த்தார். விசில் ஊதினார்.