சித்தியின் முக்காடு

எங்கள் வீட்டில் ராஜஸ்தானைப் பற்றி எதைக் கேட்டாலும் பதில் சொல்லக்கூடிய ஆள் நான்தான். போனதில்லை, அது வேறு விஷயம். பட்டாளத்துச் சித்தப்பாவோடு அங்கே சில வருஷம் குடித்தனம் நடத்திய சித்தி, அவருக்கு எல்லைப் பக்கம் மாற்றலானதும் திருவண்ணாமலைக்குத் திரும்பி எங்களோடு தங்கியிருந்தாள். அவள் சொல்லச் சொல்ல எனக்கு அந்த ஊரே அத்துப்படி. அங்கே பெரியவர்கள் எதிரே வந்தால் மருமகள்கள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திமிர் பிடித்தவள் என்பார்களாம்.

வந்த புதிதில் சித்தி இங்கேயும் அப்படியே இழுத்துக்கொண்டாள். அம்மா பதறிப்போனாள்.

"இன்னாடி இது? மஞ்ச குங்குமத்தோட இருக்கறவ முக்காடு போடலாமா? பட்டாளத்துல இருக்கறவனுக்கு ஆவுமா?"

அங்கே மரியாதை, இங்கே அபசகுனம். சித்தி அன்றோடு அதை விட்டுவிட்டாள். பல மாதங்கள் முந்தானை அவள் தோளைத் தாண்டி ஏறவே இல்லை.

அப்போதுதான் அத்தைக்கு வரன் வந்தது. அப்பாவின் கடைசித் தங்கையான அத்தை, கல்லூரியில் கணக்குப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருஷம். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கீழ்பென்னாத்தூரில் நெல்லும் மல்லாட்டையும் விளையும் நிலம் ஏராளம். படித்தது போதும், தை மாதமே கல்யாணம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். பரீட்சையை மட்டும் எழுதிவிடுகிறேன் என்று அத்தை கெஞ்சினாள், அழுதாள், சாப்பிடாமல் படுத்துக்கிடந்தாள். அப்பா அசைந்து கொடுக்கவில்லை. பெரிய இடத்துச் சம்பந்தமாயிற்றே!

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். சுமங்கலியாகப் போய் எதிரே நிற்கட்டும் என்று அம்மா சித்தியின் கையில்தான் சந்தனம் குங்குமத் தட்டைக் கொடுத்திருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா வாசற்படியில் கால் வைத்தார். சித்தி தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மறு கையால் முந்தானையைப் புருவம் வரை இழுத்துவிட்டாள்.

"அய்யோ சாமி! நல்ல காரியத்துக்கு வந்தா முக்காடு எதிர்ல வருதே!" என்று மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

என் சித்தியை ஒருவர் குறை சொல்வதா? எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நடுவில் புகுந்து நின்றேன்.

"அது மரியாதைங்க! ராஜஸ்தான்ல எல்லாரும் இப்டித்தான் போடுவாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப ராஜஸ்தான்லயே மாப்பிள்ள பாத்துக்கங்க" என்று திரும்பினார் மாப்பிள்ளையின் அப்பா. அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பஜ்ஜியைக்கூடத் தொடாமல் வேன் ஏறிப் போய்விட்டார்கள்.

அப்பா போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும். சித்தி தலையைக் குனிந்துகொண்டு, "பழக்க தோஷம் மாமா, கை தானா போயிட்சி" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். இனிமேல் எந்த நல்ல காரியத்திலும் இவள் முன்னால் வரக்கூடாது என்று அம்மா ஆணையிட்டாள். அம்மா சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு வளைகாப்பு, காதுகுத்து எதுவானாலும் சித்தி பின்கட்டில் பாத்திரம்தான் கழுவிக்கொண்டிருந்தாள்.

வேன் திரும்பிப் போன அன்று சாயங்காலமே சித்தியைத் தேடிச் சமையலறைக்குப் போனேன். சாப்பிடாமல் கிடந்த அத்தை அங்கே தரையில் உட்கார்ந்து, ஆறிப்போன பஜ்ஜியை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள்.

"என்னால உங்களுக்கு எவ்ளோ பேச்சு அண்ணி" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"போவட்டும் வுடு. நீ பரீட்சைக்குப் படி" என்றாள் சித்தி.

நான் சித்தியின் தோளைக் கட்டிக்கொண்டு ஆறுதல் சொன்னேன். "அழாதீங்க சித்தி. பழக்கம்தானே? போகப் போக மறந்துடும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தைக்குச் சிரிப்பில் புரை ஏறியது. சித்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாசல்வரை வந்த நல்ல சம்பந்தம் கைவிட்டுப் போயிருக்கிறது, கொஞ்சமாவது வருத்தம் வேண்டாமா? இந்த வீட்டில் பொறுப்புள்ள ஆள் நான் ஒருத்திதான் என்று முடிவு செய்து, மிச்சமிருந்த கேசரியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.