இருபத்தொரு கரிக்கோடு

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசவே கூச்சப்படுகிறவள் எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ள வேண்டும். போன மாதம் என் மகளின் குழந்தைக்கு அம்மைத் தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு, பழைய ஒன்று நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. செஞ்சியில் கோட்டை மலையைப் பார்த்த தெருவில் எங்கள் வீடு. பங்குனி வெயிலில் எனக்கு உடம்பெல்லாம் கொப்புளம் போட்டது. முந்தின ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குப் போய்ப் பாறையில் சறுக்கி விளையாடியிருந்தேன். பாறைச் சூடு ஏறித்தான் அம்மை வந்தது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் இரண்டு வாரமாகப் பள்ளிக்கு வராததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மலைமேல் பழி போட்டால் மலை பதில் சொல்லாது.

மஞ்சள் நூல் சுற்றிய வேப்பிலைக் கொத்தை அம்மா வாசல் நிலையில் செருகினாள். அதைப் பார்த்தால் எங்கள் ஊரில் யாரும் உள்ளே வரமாட்டார்கள். விசாரிப்பதெல்லாம் தெருவில் நின்றபடிதான். எனக்கு வேப்பிலை பரப்பிய பாய், தாளிக்காத குழம்பு, இளநீர். ஐந்து நாள் அப்படிக் கிடந்தேன்.

செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்தில் இருந்த அத்தை, நைனாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) அக்கா, கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அப்போதுதான் உண்டாகியிருந்தாள். நான் படுத்த ஆறாம் நாள், வியாழக்கிழமை, அவள் செஞ்சி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய நாள். வந்தால் எங்கள் வீட்டுக்கு வராமல் போகமாட்டாள். வரவேண்டாம் என்று ஆள் அனுப்பிச் சொல்லும்படி அம்மா கேட்டுக்கொண்டாள்.

"வாசல்ல வேப்பில இருக்குதில்ல? அக்கா பாத்துட்டுத் திரும்பிடும். இதுக்கு ஒரு ஆளா?" என்று நைனா மண்டிக்குப் போய்விட்டார்.

அத்தை வந்தால் நுங்கு வரும். வேப்பிலையைப் பார்த்தால் அத்தையும் போய்விடுவாள், நுங்கும் போய்விடும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அம்மா குழாயடிக்குப் போன நேரத்தில் முக்காலியில் ஏறிக் கொத்தை உருவி, என் பாயில் இலையோடு இலையாகச் செருகி, அதன்மேல் படுத்துக்கொண்டேன்.

அத்தை வந்தாள். வெயிலிலிருந்து உள்ளே வந்த கண்ணுக்கு என் முகம் தெரியவில்லை. "இன்னாடி, இந்தப் புழுக்கத்துல போத்திகினு கெடக்குற?" என்று பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நுங்கை உரித்து என் வாயில் வைத்துக் கன்னத்தைத் தடவினாள். தடவிய கை அப்படியே நின்றது.

அந்நேரம் அம்மா வந்தாள். குடத்தைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டுத்தான் கத்தினாள்.

"ஐயோ அண்ணி! வேப்பிலையப் பாக்கலியா?"

"எங்கடி கட்டின? வாசல் மொட்டையா கெடக்குது!"

"எதுத்த வூட்டு ஆடு தின்னுட்டிருக்கும். அது வாயில மண்ணு விழ!"

பிறகு அத்தையை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போய், முடியை ஒதுக்கி நெற்றியிலும் கழுத்திலும் எதையோ தேடினாள். புருவத்துக்கு மேல் ஒரு சின்னக் குழி இருந்தது.

"சின்னதுல உனக்கு அம்மை போட்டுச்சா? இது அந்த வடுவா?"

"கன்னுக்குட்டி முட்டுச்சுன்னு சொல்லுவாங்க. எனக்கு இன்னா தெரியும்?"

"கேக்கறதுக்கு யாருமே இல்லியா அண்ணி?"

"உன் வூட்டுக்காரனக் கேளு. அவன் அப்பப் பொறக்கவே இல்ல."

அத்தையைத் தெருவில் நிழலாக உட்கார வைத்துவிட்டு அம்மா ஆஸ்பத்திரிக்கு ஓடி, நர்ஸைக் கேட்டு வந்தாள். "ஒரு தரம் வந்திருந்தா பெரும்பாலும் மறுபடி வராதாம். இல்லன்னா இருபத்தோரு நாள் பாக்கணுமாம். மாசமா இருக்கறவங்களுக்கு வந்துட்டா..." மீதியை அத்தையின் காதில் சொன்னாள். அத்தை வயிற்றில் கை வைத்தபடி பஸ் ஏறப் போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பாயில் இலை மாற்றும்போது மஞ்சள் நூல் சுற்றிய கொத்து அம்மா கையில் வந்தது. என்னையே பார்த்தாள். எனக்கு எட்டாத உயரத்தில் அதைக் கட்டிவிட்டு, அடுப்புக் கரியால் சுவரில் ஒரு கோடு இழுத்தாள்.

தினம் ஒரு கோடு. எட்டாவது கோட்டில் என் கொப்புளமெல்லாம் பொருக்காகி உதிர்ந்துவிட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அதற்கப்புறமும் கோடு போட்டாள். எனக்குச் சரியாகிவிட்டது, அம்மாவுக்குத்தான் எண்ணத் தெரியவில்லை என்று நினைத்தேன். "போதும்மா" என்று சொல்லியும் பார்த்தேன்.

போன மாதம் டாக்டரம்மா சொன்னபடி, அம்மை மூச்சுக் காற்றிலும் கொப்புளத்து நீரிலும் பரவும் கிருமியாம். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்ற ஆரம்பித்து, கடைசிக் கொப்புளம் காயும் வரை தொற்றுமாம். மாசமாக இருப்பவளுக்கு வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. பாறைச் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வேப்பிலை கிருமியைக் கொல்லாது என்றும் டாக்டரம்மா சொன்னார். ஆளைத் தடுக்கும் என்று நான் சொல்ல நினைத்தேன், கூச்சத்தில் சொல்லவில்லை.

இருபத்தொன்றாவது கோடு போட்ட அன்று நைனா வேலைக்குப் போகாமல் முதல் பஸ்ஸில் வல்லம் போனார். மத்தியானம் திரும்பி வந்து, "ஒண்ணும் இல்ல. உக்காந்து மல்லாக்கொட்ட உரிச்சிகினு இருக்குது" என்றார். அம்மா அந்தச் சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். நல்ல சேதிக்கு எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அத்தை நுங்கு கொடுத்து அனுப்பவில்லையா என்று நைனாவைக் கேட்டேன்.

மறுநாள் அம்மா அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். நான் பள்ளிக்கூடம் போனேன்.