ஓரத்தில் எழுதிய சாமி பேர்

என் மகன் இடக்கையன். எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளில் பாதி அந்தக் கையால் வந்தவை. சோறு வலக்கையால்தான் என்று நான் நின்றேன், அதில் வென்றேன். நாங்கள் இருக்கிற ஜெர்மன் நகரம் டோர்ட்மண்டில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை பென்சிலைப் பிடுங்கி வலக்கையில் வைத்தார். மூன்றாம் வாரமே, "இனி நான் போகமாட்டன்" என்றான். எனக்கும் அந்த ஆசிரியையில் கோபம். "போகாட்டிப் போ" என்று விட்டுவிட்டேன். அதனால் பிள்ளை தமிழ் பேசுவான், வாசிக்கத் தெரியாது. பின்னால் வரப்போகும் வம்புக்கு அதுதான் விதை.

பத்து வயதில் வகுப்புத் தோழன் ஒருவனோடு போய் பேஸ்போல் கழகத்தில் சேர்ந்தான். பந்து எறிகிறவனை பிட்சர் என்பார்கள். அதில் இடக்கையனுக்குத் தனி மவுசாம். நான் அடித்து மாற்றப் பார்த்த கையை அங்கே வெற்றிலை வைத்து அழைக்காத குறைதான்.

கழகத்தில் பெற்றோரும் ஏதாவது வேலை செய்ய வேண்டும். ஆட்டத்துக்கு வருகிறவர்களுக்கு வூர்ஸ்ட் என்கிற பன்றி இறைச்சி சொசேஜ் பிரட்ட எனக்கு ஏலாது. நான் சுட்ட கேக்கைப் பற்றிப் பேசாமல் விடுவது நல்லது. மிஞ்சியது ஸ்கோர் எழுதுவது. அதற்கு ஹனோவரில் இரண்டு நாள் வகுப்பு, முழுக்க ஜெர்மன் மொழியில். போய் இருந்து படித்தேன். மருந்துக் களஞ்சியத்தில் பெட்டி சரிபார்க்கிறவள் நான், கட்டம் கட்டமாக எழுதுவது எனக்குப் புதிதல்ல. பெற்ற பிள்ளை பிழை விட்டாலும் பிழை என்றுதான் எழுதினேன்.

ஓரத்தில் மட்டும் தமிழில் குறிப்பேன். 'கோபத்தில எறியிறான்.' 'தோள் முந்துது.' 'முழங்கை தாழுது.' ஒருநாள் அவன் எட்டிப் பார்த்து, "அம்மா, இது என்ன?" என்றான். பதினொரு வயதுப் பிள்ளையிடம், உன் குறைகளை எழுதி வைக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? "சாமி பேர் எழுதுறன், ராசா" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவனும் நம்பினான்.

வளர்ந்ததும், எறிகிற கைக்காகவே அவனை அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரி புலமைப்பரிசில் கொடுத்து எடுத்தது. கோடை விடுமுறைக்கு வந்தால் பழைய கழகத்துக்கு விளையாடுவான். போன கோடையில் ஒருநாள் மூச்சு வாங்க வந்து சொன்னான்: "அம்மா, சனிக்கிழமை என்னைப் பார்க்க ஸ்கவுட் வாறார்."

எனக்கு ஸ்கவுட் என்றால் காக்கிக் காற்சட்டையும் கழுத்தில் துணியுமாக வருகிற சாரணர்தான். "அவையளுக்கு உன்னட்டை என்ன அலுவல்?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு விளக்கினான். பெரிய தொழில்முறை அணிகளுக்கு ஆள் தேடுகிறவராம். அவர் நல்லதாக எழுதினால் ஒப்பந்தம் வரும். "இந்த வருசம் விட்டா என்னை ஒருத்தரும் பார்க்கமாட்டினம்" என்றபோது சிரிப்பு நின்றிருந்தது.

வந்தவர் நரைத்த அமெரிக்கர். ஜெர்மனியில் நெடுங்காலம் இருப்பவர், என்னைவிட நல்ல ஜெர்மன் பேசினார். ஆட்டோபான் நெடுஞ்சாலையில் பொலிஸ்காரர் பிடிக்கிற மாதிரி, வேகம் பார்க்கும் கருவி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வலைக்குப் பின்னால் இருந்தார். நான்கு இன்னிங்ஸ், அதாவது நான்கு சுற்று வரை ஒருவராலும் என் பிள்ளையின் பந்தைத் தொட முடியவில்லை. ஐந்தாவதில் முழங்கை தாழ்ந்தது, களைத்த கை அப்படித்தான் தாழும். வேகம் குறையவில்லை, அதனால் கருவிக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. எழுதினேன். ஆறாவதிலும் எழுதினேன்.

ஆட்டம் முடிந்ததும் அவர் என் மேசைக்கு வந்து ஸ்கோர் புத்தகத்தைக் கேட்டார். மகனும் கூடவே வந்து நின்றான், முகமெல்லாம் வெளிச்சம். பக்கம் பக்கமாகப் பார்த்தவர் ஓரத்தில் விரலை வைத்தார். "இது என்ன எழுத்து?"

"பிரார்த்தனை" என்றான் மகன் பெருமையாக. "சின்ன வயசிலிருந்து அம்மா எனக்காக எழுதுறா."

அவர் சிரித்துப் புத்தகத்தை மூடப் போனார். மூடட்டும், என்றது ஒரு மனம். நல்லது எழுதிக்கொண்டு போகட்டும், பிள்ளையின் கனவு. ஆனால் அந்தக் கை என் பிள்ளையின் கை. நாளைக்கு அவன் சோறு தின்பதற்கு அல்லாவிட்டாலும், என்றைக்கோ தன் பிள்ளையைத் தூக்குவதற்கு வேண்டுமே.

"பிரார்த்தனை இல்லை" என்றேன். ஒவ்வொன்றாக வாசித்து ஜெர்மனில் சொன்னேன். முழங்கை தாழுது. இன்றைக்கு மட்டும் அல்ல, போன மாதமும், அதற்கு முந்திய கோடையிலும். அவர் மகனின் முழங்கையின் உட்பக்கத்தை விரலால் அழுத்தினார். அவன் துடித்துப்போனான். வலியை எல்லோருக்கும் மறைத்திருக்கிறான்.

"இன்றைக்கு நான் எதுவும் எழுதப் போவதில்லை" என்றார் அவர்.

வீட்டுக்கு வரும் வழியில் காருக்குள் அவன் கேட்டான்: "பத்து வருசமா எனக்குப் பொய் சொன்னனீங்களோ?"

"ஓம்."

"சாமி பேர் எண்டு நினைச்சுத்தான் அம்மா நான் பயமில்லாம எறிஞ்சனான்."

அழுதுகொண்டே ஓட்டினேன்.

எங்களுக்கு மூன்று மாதம் கழித்துக் கிடைக்கிற டெர்மினை, அதுதான் மருத்துவரைப் பார்க்கிற நேரத்தை, அந்த ஸ்கவுட் மூன்று நாளில் எடுத்துத் தந்தார். முழங்கைக்குள் எலும்பைப் பிணைக்கிற நார் பாதி கிழிந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் எறிந்திருந்தால் அறுந்திருக்கும் என்றார் மருத்துவர். ஓய்வும் பயிற்சியும் போதும், கத்தி வைக்கத் தேவையில்லை. ஸ்கவுட் தானே அழைத்து விசாரித்தார். "சுகமாகட்டும், அடுத்த கோடையில் வந்து பார்க்கிறேன்" என்றார். யாரோ பெற்ற பிள்ளை, அவருக்கு என்ன தலையெழுத்து? நான் கும்பிடும்போது அவரையும் நினைக்கிறேன், சத்தியமாக.

மகன் என்னோடு பேச ஒன்பது நாள் எடுத்தது. பத்தாம் நாள் பழைய ஸ்கோர் புத்தகங்களைக் குசினியில் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து போட்டான். "எல்லாத்தையும் வாசியுங்கோ." வாசித்தேன். சில இடத்தில் சிரித்தான், சில இடத்தில் எழும்பிப் போய்விட்டு வந்தான். பிறகு, தானே வாசிக்க வேண்டும் என்று அ, ஆவில் தொடங்கினான். எந்தக் கையால் எழுதுகிறான் என்று நான் வாயே திறக்கவில்லை.

இந்தக் கோடையில் ஸ்கவுட் சொன்னபடி வந்தார். அதே வலை, அதே கருவி. ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும் மகன் தண்ணீர் குடிக்கப் போகாமல் நேரே என் மேசைக்கு வந்தான். வியர்வை சொட்டச் சொட்ட, ஓரத்தில் இடக்கை விரலை வைத்து எழுத்துக் கூட்டினான்.

"முழங்…கை… நல்…லா… இருக்கு." கீழே இன்னொரு சொல் இருந்தது. "முரு…கா."

நிமிர்ந்து பார்த்தான். "அம்மா, இது சாமி பேர்தானே?"

"ஓம்" என்றேன். "இதுதான் முதல் தரம்."