கரிப் பக்கம் உள்ளே

என் படங்கள் லண்டனுக்குப் போய்விட்டன என்று நான் நம்பினேன். இதை எழுதும்போதே காது சூடாகிறது. பழனியில் கடைக்காரர்களுக்குக் காலண்டர் முருகன் வரைந்துகொண்டிருந்தவன் நான். என் பழைய கரிப் படங்களை யாரோ கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய், தங்கச் சட்டம் போட்டு மாட்டி, அதன் கீழே ஒரு துரைசாணி உட்கார்ந்து டீ குடிக்கிறாள் என்று பட்டப்பகலில், சாப்பிட்ட வயிற்றோடு நம்பினேன். அவள் கையிலிருந்த கோப்பையில் நீலப் பூப் போட்டிருந்தது வரைக்கும் எனக்குத் தெரிந்திருந்தது.

அந்த நம்பிக்கையால் வந்த கோபத்துக்குக் காரணம் வேறு இடத்தில் தொடங்கியது. காலண்டர் வரைவது என்றால் சும்மா இல்லை. ஒவ்வொரு கடைக்காரரும் ஒரு பிரம்மா. "முருகனுக்குக் கன்னம் பத்தல, இன்னுங் கொஞ்சம் போடுங்க" என்பார் ஒருவர். போடுவேன். "வேலு புதுசா வாங்குன மாதிரி பளபளன்னு இல்லியே" என்பார் இன்னொருவர். பஞ்சாமிர்த டப்பாவுக்கு லேபிள் போடச் சொன்னவர், வாழைப்பழத்துக்கும் கொஞ்சம் அருள் வர வேண்டும் என்றார். வாழைப்பழத்துக்கு! அன்றைக்கே தூரிகையை அவர் மூக்கில் சொருகியிருக்க வேண்டும். "ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்து, வாழைப்பழத்தைச் சுற்றி மஞ்சளாக ஒளிவட்டம் போட்டுக் கொடுத்தேன்.

இப்படி இருந்தபோது கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் வேலை காலியாக இருக்கிறதென்று தெரிந்து போய்ப் பார்த்தேன். தலைமை ஆசிரியர் தமிழர்தான். மெலிந்த மனிதர், மெலிந்த குரல். நான் கொண்டுபோன காலண்டர்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். கடைசி முருகனையும் திருப்பிவிட்டுச் சொன்னார்:

"சாமியை நீங்க நல்லாப் போடுறீங்க. மனுஷனைப் பாத்துப் போட்டது ஏதாவது இருக்கா? ஒரு பத்து இருந்தாப் போதும். அடுத்த மாசம் இண்டர்வியூவுக்குக் கொண்டு வாங்க."

"பத்து என்னங்க, நூறு இருக்கு" என்றேன். வாய்க்கு என்ன, வாடகையா?

ஊருக்குத் திரும்பி, புதிதாகப் பத்துப் படம் வரைந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வாசலில் வந்த பால்காரரை உட்கார வைத்தேன். அவருக்கு அம்மைத் தழும்பு, ஒரு கண் கொஞ்சம் சாய்வு, மேல்வரிசையில் இரண்டு பல் கிடையாது. வரைந்து முடித்துப் பார்த்தால் படத்தில் பால்காரர் இல்லை. கன்னம் உப்பி, உதட்டில் லேசான புன்னகையோடு ஞானப்பழம் உட்கார்ந்திருந்தது. பால்காரர் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்து என் மாமனாரை வரைந்தேன். அந்த மனுஷர் ஜென்மத்தில் சிரித்தது கிடையாது. படத்தில் அருள்பாலித்தார். கிழித்துப் போட்டேன். கரியைச் சுவரில் எறிந்தேன். என் கை போய்விட்டது. பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கன்னம் போட்டுக் கன்னம் போட்டு, எந்த முகத்தைப் பார்த்தாலும் கை தானாகவே அதை நிரப்பியது.

அப்போதுதான் அந்தத் தகரப் பெட்டி ஞாபகம் வந்தது.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் கொடைக்கானலில் சில வருஷம் இருந்தேன். சீசனில் படகுகளுக்கு நம்பர் எழுதுவது, கடைகளுக்குப் போர்டு எழுதுவது. சீசன் முடிந்தால் வேலை இருக்காது, குளிர்தான் இருக்கும். குளிருக்குப் பயந்து கண்ட அடுப்படியிலும் உட்கார்ந்து, எதிரில் யார் இருக்கிறார்களோ அவர்களை வரைவேன். படகுக்காரர்கள், விறகு சுமக்கிற பெண்கள், பேரிக்காய்ப் பெட்டிக்கு ஆணி அடிக்கிறவர்கள். பெயிண்ட் எல்லாம் முதலாளியுடையது. கரி மட்டும் அடுப்பில் இலவசம். அதனால் எல்லாம் கரிப் படம். கல்யாணத்துக்காக மலையிறங்கியபோது, அறையில் என்னோடு இருந்த சிநேகிதனிடம் படங்களை அடைத்த தகரப் பெட்டியைக் கொடுத்து, "அடுத்த வாரம் வந்து எடுத்துக்கிறேன் மாப்ள" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாரம் நீண்டுவிட்டது.

அவனுக்குக் கடிதம் போட்டேன். பதில் இல்லை. இரண்டாவது கடிதத்தில் பெட்டியைப் பற்றி விளக்கமாக எழுதினேன். அதற்கும் இல்லை. இந்த நேரம் பார்த்து எங்கள் தெரு விபூதிக் கடைக்காரர் கொடைக்கானல் போய் வந்தார்.

"ஏரிக்கரை பங்களா ஒண்ணுல, ஹால்ல பெருசா படம் தொங்குதுங்க. படகுக்காரன் படம். கறுப்பா இருந்துச்சு. நீங்க அங்கன கெடந்தப்ப போட்டதா இருக்குமோ?"

இருக்குமோவாம். எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. பயல் விற்றுவிட்டான். ஒன்றை பங்களாவுக்கு, மீதியை லண்டனுக்கு. பதில் எழுதாததற்கு அதுதான் காரணம். அன்று முழுவதும் வீட்டுக்குள் நடந்தபடி அவனைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தேன். நீதிபதியும் நான்தான்.

மறுநாள் வெள்ளனே கிளம்பினேன். வாசலில் மனைவி ஒரு பையை நீட்டினாள். ஆயக்குடிக் கொய்யா, மேலே ஒரு டப்பா பஞ்சாமிர்தம்.

"எதுக்குடி இது? நான் சண்டைக்குப் போறேன்."

"அதுக்காக? ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடயா போவாங்க? குடுத்துட்டுச் சண்ட போடுங்க."

வத்தலக்குண்டில் பஸ் மாறி மலையேறுகிற வரைக்கும் அந்தப் பை என் மடியில் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு கொய்யா உருண்டு போகும். கொலைவெறியோடு போகிற ஒரு மனிதன் பஸ்ஸில் குனிந்து அடுத்தவர் காலடியில் கொய்யா பொறுக்கினால் அந்த வெறிக்கு என்ன மரியாதை இருக்கும்? ஒரு கிழவர் ஒன்றை எடுத்துத் துடைத்துத் தின்றே விட்டார். முறைத்தேன். "நல்லாப் பழுத்திருக்கு தம்பி" என்றார்.

சிநேகிதன் இன்னும் பேரிக்காய்ப் பெட்டிதான் செய்துகொண்டிருந்தான். ஏரிக்கு மேற்கே சரிவில், பெட்டிப் பலகைகளை நெருக்கி அடித்து, மேலே தகரம் போட்ட ஒரு வீடு. என்னைக் கண்டதும் வாயிலிருந்த ஆணிகளைத் துப்பிவிட்டு எழுந்தான்.

"வாங்க மாப்ள, வாங்க."

அந்த 'வாங்க'விலேயே அவன் குற்றவாளி என்பது உறுதியாகிவிட்டது. ஒரே கம்பளிக்குள் படுத்த காலத்தில் என்னை 'ஏலே' என்பதற்கு மேல் மரியாதை கொடுத்தவன் இல்லை. உள்ளே கூட்டிப்போய் ஸ்டூலைச் சுவரோரம் போட்டு உட்கார வைத்தான். அவன் மனைவியை நான் பார்த்தது அன்றுதான். கட்டையான உருவம், வேகமான கை. கொய்யாவை வாங்கி முகர்ந்து பார்த்து, "ஆயக்குடியாண்ணே?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சண்டையைத் தொடங்கினேன்.

"எங்கலே என் படம்?"

"மொதல்ல காப்பி குடிங்க மாப்ள. நல்லாச் சாஞ்சுக்கிட்டு உக்காருங்க."

"சாயுறதுக்கு வரல. எத்தனை வித்த? யாருக்கு வித்த? பங்களாக்காரனுக்கு ஒண்ணு, அது தெரியும். மத்ததெல்லாம் எங்க? கடுதாசி போட்டா பதில் இல்ல. துரைகளோட சகவாசம் வந்ததும் நாங்கெல்லாம் கண்ணுக்குத் தெரியலையாக்கும்?"

பஸ்ஸில் தயார் செய்தது இன்னும் நிறைய இருந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். முதுகைச் சுவரில் சாய்த்து மூச்சு வாங்கினேன். அவன் தன் மனைவியைப் பார்த்தான். அவள் என் முதுகைப் பார்த்தாள்.

"அண்ணன் சாஞ்சிருக்கிறதே அதுலதான" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். தரையிலிருந்து கூரை வரை, நாலு சுவரிலும், மங்கிய வெள்ளைத் தாள். பலகை இடுக்கில் காற்று வராமல் இருக்க மலைமேல் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. மழைக்கு முன்னால் மைதாப் பசை காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலந்து, கிடைத்த தாளையெல்லாம் பலகையில் ஒட்டிவிடுவார்கள். பெரும்பாலும் பழைய பேப்பர். இந்த வீட்டில் நான்.

"படம் எங்க?" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"உள் பக்கம் இருக்குண்ணே. கரிப் பக்கம் உள்ள, வெள்ளப் பக்கம் வெளிய. மொதல்ல படம் வெளிய தெரியத்தான் ஒட்டினேன். சாஞ்சா சட்டயெல்லாம் கரி. வீடே இருட்டடிச்சுக் கெடந்துச்சு. பொறவு பச இறுகறதுக்குள்ள பிச்செடுத்துத் திருப்பி ஒட்டிட்டேன். இப்ப வெளக்கில்லாமயே வெளிச்சமா இருக்கு, பாருங்க."

பார்த்தேன். வெளிச்சமாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிந்தது. ஒருத்தன் விற்றுத் தின்றிருந்தாலும் பரவாயில்லை, விலை மதித்தான் என்றாகும். இவர்கள் என் படத்தின் முதுகுக்கு மதிப்புக் கொடுத்திருந்தார்கள்.

"ஏன்லே எழுதல?"

"என்னன்னு எழுதச் சொல்லுத? சொவத்துல இருக்கு, சொகமா இருக்குன்னா?" இப்போதுதான் அவனுக்குப் பழைய மரியாதை திரும்பியது.

மேசையிலிருந்த கத்தியை எடுத்து ஒரு தாளின் ஓரத்தில் செருகி இழுத்தேன். தாளின் மேல்தோல் மட்டும் சர்ரென்று உரிந்து வந்தது. படம் இருந்த பக்கம் பலகையிலேயே தங்கிவிட்டது. அடுத்ததும் அப்படியே. அவன் மனைவி வெந்நீரும் துணியும் கொண்டுவந்து வைத்தாள். தாளை நனைத்து, ஊற வைத்து, மெதுவாக உரித்தேன். மூன்றாவது தாள் பாதி வந்தது.

ஒரு வாய். உதட்டுக்கிடையில் வரிசையாக ஆணிகள். கொஞ்சம் மோவாய். ஒரு கை. அந்தக் கையில் சுத்தியல்கூட இல்லை, கிழிந்த பக்கத்தோடு போய்விட்டது. ஆனால் சுத்தியலின் கனம் விரல்களில் இருந்தது. பசையில் பச்சை பாரித்துப் போன அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். யாருக்கும் அதில் கன்னம் போடத் தோன்றவில்லை. யாரும் அதற்கு அருள் கேட்கவில்லை. வரைந்தவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. பசியிலும் குளிரிலும் நடுங்கிக்கொண்டு, தனக்கு என்ன தெரியும் என்றுகூடத் தெரியாமல் வரைந்திருந்தான். அவன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் சிநேகிதன்மேல் வரவில்லை, அவன் மனைவிமேலும் வரவில்லை. அந்தப் பழைய நான் முன்னால் நின்றிருந்தால் அறைந்திருப்பேன்.

சிநேகிதன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"இது நானா மாப்ள? இம்புட்டு அசிங்கமாவா இருந்தேன்?"

"இதவிட."

அதற்குப் பிறகு எனக்குப் புத்தி இல்லை. அடுத்த தாள், அதற்கடுத்த தாள் என்று போனேன். ஊற வைக்கப் பொறுமை இல்லை. ஒன்றில் காது வந்தது. ஒன்றில் படகின் மூக்கு. ஒன்றில் கரி முழுவதும் பலகையில் நின்றுகொண்டு வெறும் பழுப்புத் தாள் கையோடு வந்தது. உரித்த இடமெல்லாம் இடுக்கு வழியாகக் காற்று சீறியது. அவன் மனைவி என் கையிலிருந்து கத்தியை வாங்கினாள்.

"போதும்ண்ணே. புள்ள படுக்கிற பக்கம் இது."

"என் வாழ்க்க இதுல இருக்கும்மா!" என்று கத்தினேன்.

"இருக்கட்டும். இம்புட்டு வருசமா நான்தான அத ஒட்டி வெச்சிருக்கேன்? பிச்சது நீங்கதான?"

பத்து வேண்டும் என்றால் வீட்டையே உரிக்க வேண்டும், உரித்தாலும் பத்து தேறாது என்பது அதற்குள் எனக்கும் தெரிந்துவிட்டது. சிநேகிதன் பேரிக்காய் மண்டியிலிருந்து பழைய பேப்பர் கட்டு ஒன்று கொண்டுவந்தான். அவள் பசை காய்ச்சினாள். நான் திறந்த இடங்களில் பேப்பரை ஒட்டினேன். ஓரம் தூக்கியிருந்த என் மற்றப் படங்களையும், என் கையாலேயே, பசை வைத்து இன்னும் இறுக்கமாக அமுக்கினேன். வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டுதான் செய்தேன். "அந்த மூலைலயும் கொஞ்சம் தடவிருங்கண்ணே, வெரசா, பச ஆறுது" என்றாள்.

பஸ்ஸுக்குப் போகும் வழியில் ஏரிக்கரை பங்களாவில் எட்டிப் பார்த்தேன். ஹாலில் தொங்கியது அச்சடித்த படம். தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன், வாயில் பைப்போடு கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தான்.

இண்டர்வியூவுக்கு மூன்று துண்டுகளைக் கொண்டுபோனேன். தலைமை ஆசிரியர் ஆணி கவ்விய வாயை வெகுநேரம் பார்த்தார்.

"யார் போட்டது?"

"நான்தாங்க."

"எப்ப?"

"பன்னிரண்டு வருஷம் இருக்குங்க."

"இப்ப போட்டது?"

நான் படகின் மூக்கை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் துண்டுகளைத் திரும்பக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். வேலை அந்த அடுத்தவருக்குக் கிடைத்தது.