தானாக ஓடிய மோட்டார்

பேத்தி கணிப்பொறியை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போகிறாள். "அது தானே தன்னைச் சரிபண்ணிக்கும் தாத்தா, நாம தொடவே கூடாது" என்கிறாள். பள்ளிக்கூடம் போகாதவன் நான். நான் சொல்ல, இதை எழுதுகிறவளும் அவள்தான்.

உத்திரமேரூரிலிருந்து மாகறல் போகிற பக்கம் எங்கள் கிணறு. அண்ணனுக்கும் எனக்கும் சித்தப்பா மகனுக்கும் பொது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவோம். மோட்டாருக்கு முன்பு, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டினோம். அதில் ஒற்றைக் கொம்பு உடைந்த காளை ஒன்று. கிணற்றுக்குள் ஆள் குரல் கேட்டால் அடித்தாலும் ஓர் அடி எடுத்து வைக்காது. வேலிக்குள் தலையை விட்டுத் திருடித் தின்பதிலும் கெட்டிக்கார மாடு. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முடியாது. மோட்டார் வந்ததும் விற்றுவிட்டோம்.

கிணற்றின் பாதி ஆழத்தில் மேடை கட்டி மோட்டாரை வைத்தோம். ஸ்டார்ட்டர் மேலே கொட்டகையில். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வந்ததும் ஓடிப்போய்ப் பச்சைப் பட்டனை அழுத்த ஒரு ஆள் வேண்டும். கீழே வேலை என்றால், ஸ்டார்ட்டருக்குக் கரண்டை இணைக்கிற பீஸ்கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் இறங்குவோம். அது மடியில் இருக்கிறவரை மேலே எவனும் மோட்டாரைப் போட முடியாது.

பிறகு ஸ்டார்ட்டரோடு ஒரு 'ஆட்டோ' பெட்டி வாங்கி மாட்டினோம். கரண்ட் வந்தால் மோட்டார் தானே ஓடும். நாங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, வயலில் தண்ணீர் நிற்கும். ஊரே வந்து பார்த்தது. பீஸ்கட்டையைப் பிடுங்குகிற பழக்கம் அதோடு போயிற்று. ஆட்டோ சுவிட்சை அணைத்தால் போதும் என்றானது.

அந்தக் கோடையில் பம்பு ஒழுகியது. கரண்ட் போன நேரம் பார்த்து அண்ணன் சுவிட்சை அணைத்துவிட்டு, கழுத்தில் போட்ட துண்டோடு இறங்கினார். நான் ஸ்பானரைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். சித்தப்பா மகன் வரப்பில் உட்கார்ந்திருந்தான். முந்தின வாரம்தான் தண்ணீர் முறைக்காக அவனுக்கும் அண்ணனுக்கும் வாய்ச்சண்டை.

"இன்னாண்ணே, பம்புக்கு சீமந்தமா பண்ணிக்கினு கீற? பொழுது போவுது!"

"உம் மொறைக்குள்ள ஓடும் போடா!" என்றார் அண்ணன், கீழேயிருந்து.

மோட்டார் ஓடத் தொடங்கியது. சுற்றுகிற தண்டில் அண்ணனின் துண்டு சிக்கியது. நான் கத்தினேன். சித்தப்பா மகன் வரப்பிலிருந்து பாய்ந்து கொட்டகைக்குள் ஓடிப் பீஸ்கட்டையைப் பிடுங்கினான். மோட்டார் நின்றது. அண்ணன் எழுந்திருக்கவில்லை.

களத்திலிருந்து ஓடிவந்த அண்ணி கண்டது, கையில் பீஸ்கட்டையோடு கொட்டகையை விட்டு வெளியே வந்தவனைத்தான்.

"சண்டைய மனசுல வெச்சிக்கினு போட்டுட்டியேடா பாவி!"

"நிறுத்தத்தான் அண்ணி உள்ள போனேன்! சத்தியமா!"

மோட்டார் ஓடத் தொடங்கியபோது அவன் வரப்பில் இருந்தான் என்று நானும் சொன்னேன். "நீயும் அவனோட சேந்துக்கினியா?" என்றாள்.

காரியம் முடிந்ததும் உத்திரமேரூரிலிருந்து மோட்டார் மெக்கானிக் பாயை வரவழைத்தேன். அண்ணி எதிரிலேயே ஸ்டார்ட்டரைத் திறந்தார். உள்ளே எறும்பு. மண்ணும் முட்டையுமாக இண்டு இடுக்கெல்லாம் அடைத்து வைத்திருந்தது. கரண்ட் போனதும் பின்னால் விழவேண்டிய இரும்புத் தகடு, அந்த மண் முட்டுக்கொடுத்ததில் விழாமல் அப்படியே நின்றிருந்தது.

"இது வுழணும்மா. வுழல. அப்பறம் சுவிட்ச அணைச்சி இன்னா ஆவும்? கரண்டு வந்ததும் அதும்பாட்டுக்கு ஓடிக்கீது."

"போட்டது யாரு?"

"யாரும் போடலம்மா."

கலைந்த எறும்புகள் நாலாபக்கமும் ஓடின. கொஞ்ச நேரத்தில் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு சுவரில் சாரையாக ஏறத் தொடங்கின. ஒன்று சொல்லி மற்றது கேட்டதாகத் தெரியவில்லை. முன்னால் போன எறும்பு பின்னால் வந்தது, பின்னால் இருந்தது முன்னால் போனது. அண்ணி அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுல எத்தப் பாத்து நான் மண்ணு வாரித் தூத்தறது தம்பி?" என்று கேட்டாள்.

பிறகு குனிந்து ஒரு பிடி மண் அள்ளினாள். நேராகச் சித்தப்பா மகன் வாசலுக்குப் போய், அவன் குலம் விளங்காமல் போகட்டும் என்று தூற்றினாள். அதன் பிறகு அமாவாசைக்கு அமாவாசை தூற்றினாள்.

அவன் பெண்சாதி பஞ்சாயத்து வைக்கச் சொன்னாள். பாயும் வந்து சாட்சி சொல்வதாக இருந்தார். நானே போய் அவனைக் கூப்பிட்டேன்.

"வுடுண்ணே. அண்ணிக்குத் திட்ட ஒரு ஆளு வேணும். எறும்பையா போயி திட்டிக்கினு கெடக்கும்? மண்ணுதான, பெருக்கிட்டாப் போச்சி" என்றான்.

அவன் பெண்ணைப் பார்க்கச் செய்யாற்றுப் பக்கமிருந்து வந்தவர்கள் வாசலில் கிடந்த மண்ணைப் பார்த்தார்கள். தாலியறுத்தவள் சாபம் என்று பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டு, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் திரும்பினார்கள். அந்தப் பெண் உள்ளே புதுப் புடவையோடு உட்கார்ந்திருந்தது. அப்போதும் அவன் துடைப்பத்தை எடுத்து வாசலைத்தான் பெருக்கினான்.