மாடு ஓட்டிய பேருந்து

எங்கள் வீட்டில் கெட்ட கனவுகளைக் கேட்பதற்கென்றே ஒரு மாடு இருந்தது. பால் தருவதும் கன்று ஈனுவதும் அதன் உபதொழில்கள். முதல் தொழில் விடியற்காலையில் அம்மாவின் கனவைக் கேட்பது.

அம்மா எட்டாவது வரை படித்தவள். அவள் தலைக்குள் யார் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்களோ, படுத்தால் ஒன்று தவறாமல் வரும். சோற்றுப் பானைக்குள் பாம்பு குடும்பம் நடத்தும். அப்பாவின் மீசை தானாக இறங்கி உத்திரத்தில் ஏறிக்கொள்ளும். வாயைத் திறந்தால் பல்லெல்லாம் வேர்க்கடலையாக உதிரும். நல்ல கனவென்றால் அடுப்பு பற்ற வைக்கும்போதே எல்லோருக்கும் சொல்வாள். கெட்டதென்றால் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், முகம்கூடக் கழுவாமல், நேரே மாட்டுக்கொட்டாய்க்குப் போவாள். மாட்டின் காதில் சொல்லிவிட்டு ஒரு கை தவிடு தருவாள். மாடு காதை ஒருமுறை ஆட்டினால் கனவு இறங்கிவிட்டது என்று பொருள். இனிப் பலிக்காது. அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பேச்சு வரும். வந்தால் நிற்காது என்பது அப்பாவின் குறை.

அந்தக் கோடையில் தீவனம் கிடைக்கவில்லை. மாடு காரிமங்கலம் சந்தைக்குப் போயிற்று. கொட்டாய் காலியாயிற்று. காலியான இடத்துக்கு மறுநாளே ஒரு கம்ப்யூட்டர் வந்தது.

கொண்டுவந்தவர் என் தாய்மாமா. பெங்களூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் கடையில் வேலை. யாரோ கழித்துப் போட்டதை, நான்கைந்து உடல்களிலிருந்து உறுப்பெடுத்து ஓர் உயிராக்கி, தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியில் காலி கிரேடுப் பெட்டிகளோடு ஏற்றி, தன் லுங்கியாலேயே சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சுற்றுப்பட்டில் எந்த வீட்டிலும் அப்படி ஒன்று இல்லை. விறகுப் புகை பட்டால் அதற்கு ஆகாது என்று மாமா சொன்னதால், கொட்டாயைக் கழுவி, தார்ப்பாய் கட்டி, தீனித்தொட்டி இருந்த இடத்தில் மேசை போட்டார்கள். பல நாள் வரைக்கும் அதன் பெட்டியைத் திறந்தால் தக்காளி வாசம் வந்தது. அதற்குக் கீழே, கழுவியும் போகாத மாட்டின் வாசம்.

ஏழாவது போகவிருந்த எனக்கு மாமா நான்கு வித்தைகள் கற்றுக் கொடுத்தார். திறப்பது, எழுதுவது, சேமிப்பது, வேண்டாததை இழுத்துப் போய் ஓரத்திலிருக்கும் குப்பைத்தொட்டிப் படத்தில் போடுவது. தமிழ் எழுத்து அதில் இல்லை. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவேன். அக்காவுக்குப் பொறாமை. ஆனால் அவளுக்கு அப்போது வேறு கவலை. பன்னிரண்டாவது முடித்து, சேலத்தில் ஒரு கல்லூரிக்கு மனுப் போட்டுவிட்டுத் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காத்திருந்தாள்.

மாடு போன மூன்றாம் நாளே அம்மாவுக்கு ஒரு கெட்ட கனவு. எழுந்து கொட்டாய் வரை போய்விட்டாள். போன பிறகுதான் மாடில்லாதது நினைவு வந்து, வாயை இறுக்கிக்கொண்டு திரும்பிவந்து நின்றாள். பேசவும் முடியாது, விழுங்கவும் முடியாது. பக்கத்து வீட்டில் இரண்டு மாடுகள் இருந்தன. ஆனால் நம் வீட்டுக் கெடுதலை அடுத்த வீட்டு மாட்டின் காதில் போட்டால் அது அந்த வீட்டுக்குப் போய்விடும். அந்தப் பாவத்தை அம்மா செய்யமாட்டாள். அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மே, அதே எடத்துலதான ஒன்னு நிக்குது. அதுங்கிட்ட சொல்லிடு. தவுடுகூட வேணாம், கரண்டு குடுத்தா போதும்."

அவர் விளையாட்டாகச் சொன்னார். அம்மா அதைக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டாய்க்கு நடந்தாள்.

இப்படித்தான் நான் காதானேன். அம்மா கம்ப்யூட்டரின் முகத்தைப் பார்த்துச் சொல்வாள். நான் தட்டுவேன். மனிதரிடம் பேசக் கூடாது என்ற விதி இதனால் உடைகிறதே என்று அக்கா சட்டம் பேசியபோது அம்மா அசரவில்லை. "அவ ஆளு இல்ல. அவ காது," என்றாள். தட்டி முடித்ததும் அதைத் தொட்டிக்கு இழுத்துப் போவேன். அப்போது அந்த இயந்திரம் ஒரு கேள்வி கேட்கும்.

"இன்னாவாம் அது?"

"நெசமாவே வேணாமான்னு கேக்குதும்மா."

"வேணாம்னு சொல்லு."

மாடுகூட இப்படிக் கேட்டதில்லை. காதை ஆட்டுவதோடு சரி. திரும்ப ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளும் அந்த மரியாதை அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. திரையின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். ஒரே தொந்தரவு மின்வெட்டு. ஒருநாள் விடியலில் போன மின்சாரம் மத்தியானம்தான் வந்தது. அதுவரை அம்மா சைகையிலேயே குழம்பு வைத்தாள், சைகையிலேயே எங்களைத் திட்டினாள். அப்பா அன்று காட்டு வேலைக்கே போகாமல் வீட்டில் சுகமாகப் படுத்திருந்தார்.

சேலத்திலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை வந்து சேர வேண்டும். விடுதியில் ஓர் இடம், அக்காவின் பேர் போட்டு. அம்மா அதை வாங்கி, வரிக்குக் கீழே விரல் வைத்து மூன்று முறை படித்தாள். படித்துவிட்டு, பழைய மடிப்பு மாறாமல் மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னலோரம் இருந்த அக்காவின் கட்டிலில் ஏறிப் படுத்து, அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

வியாழக்கிழமை விடியலில் அம்மா வாயை மூடிக்கொண்டு என்னை எழுப்பினாள். முகம் வெளுத்திருந்தது.

கனவு இதுதான். சேலம் போகும் சிவப்புப் பேருந்து. அதில் அக்கா. ஓட்டுநர் இருக்கையில் எங்கள் மாடு, சந்தைக்குப் போன அதே மாடு, கொம்பில் மஞ்சள் பூசி, பதவிசாகச் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறது. தொப்பூர் கணவாய் இறக்கம் வருகிறது. மாடு தவிடு கேட்பதற்காகப் பின்னால் திரும்பிப் பார்க்கிறது. யாரிடமும் தவிடு இல்லை. பேருந்து கூழில் வழுக்குவதுபோல வழுக்கி, கணவாயில் உருண்டுவிடுகிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது. காது சிரிக்கக் கூடாது என்பதால் அடக்கிக்கொண்டு தட்டினேன். தொட்டியில் போட்டேன். நிஜமாகவே வேண்டாமா என்று கேட்டது. வேண்டாம் என்றோம். அம்மா பெருமூச்சு விட்டு, அன்றே அக்காவின் டிரங்குப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள். வெள்ளிக்கிழமை துணிகள் உள்ளே போயின.

சனிக்கிழமை மாமா வந்தார். அக்காவை வழியனுப்புவதற்காக லீவு போட்டுவிட்டு வந்தவர், சும்மா இருந்திருக்கலாம். கம்ப்யூட்டரின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தார். குப்பைத்தொட்டியைத் திறந்தார்.

"அக்கா, இன்னா இது, உன் கனவெல்லாம் ஒன்னுகூட வீணாவாம இங்கியே பத்திரமா இருக்குது."

அம்மா முறத்தோடு வந்து வாசலில் நின்றாள். மாமா பெருமையாக ஒன்றைத் தட்டினார். பானைப் பாம்பு திரும்பி வந்தது. இன்னொன்றைத் தட்டினார். வேர்க்கடலைப் பற்கள். கடைசியாக, மாடும் பேருந்தும் தொப்பூரும் எழுத்துப் பிசகாமல் திரையில் வந்து நின்றன.

"போட்டதெல்லாம் போவலியாடா?"

"தொட்டியிலதானக்கா போட்டீங்க. தொட்டிய கொட்டணும்ல. கொட்டிடட்டுமா?"

"கொட்டுனா போயிடுமா?"

அங்கே மாமா தலையை மட்டும் ஆட்டியிருந்தால் போதும். ஆனால் தொழில் பெருமை யாரை விட்டது. "கொட்டினாலும் எங்க கடையில எடுத்துக் குடுத்துருவோம்க்கா. எத்தினி பேருக்கு எடுத்துக் குடுத்துருக்கறோம்."

"மாமா, நீ வாய மூடிக்கினு பெங்களூர்லியே இருந்திருக்கலாம்ல," என்றாள் அக்கா.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. மடித்து வைத்த சுடிதார்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து கொடியில் ஏறின. இறக்கிய கனவு திரும்பி வந்தால் இரண்டு பங்கு பலம் என்று அவள் கணக்கு. அப்பா பேசிப் பார்த்தார். தினமும் அந்த வழியில் எத்தனை வண்டி போகிறது என்று எடுத்துச் சொன்னார். "அதுல எதையும் நம்ம மாடு ஓட்டல," என்றாள் அம்மா. அக்கா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. திங்கட்கிழமை போகவில்லையென்றால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். அவளுக்குச் சேலம் போகும். எனக்குக் கட்டில் போகும். இரண்டில் எதற்காக நான் அதிகம் வருந்தினேன் என்று இப்போது கேட்டால், தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், குற்ற உணர்ச்சியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த மாமாவிடம் போய்க் கேட்டேன். "மாமா, அழிக்காம, உள்ளயே மாத்தி எழுதிட்டா?"

மாமா நிமிர்ந்தார். "மேல எழுதிட்டா பழசு போயிடும்."

"உங்க கடையில?"

அவர் அக்காவின் அறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எங்க கடையிலயும் முடியாது," என்றார். அது முழு உண்மையல்ல என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவர் செய்த வேலைகளிலேயே அதுதான் சுத்தமான வேலை.

அம்மாவிடம் சொன்னோம். அப்பாதான் குறுக்கே விழுந்தார். "ஒருத்தர் கண்ட கனவ மாத்தறதுக்கு யாருக்கு அதிகாரம் இருக்குது?"

அம்மா கொண்டையை அவிழ்த்துக்கொண்டே எழுந்தாள்.

"கண்டவளுக்குத்தான்," என்றாள்.

தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலைத் துண்டால் சுற்றிக்கொண்டு, மத்தியான வெயில் தார்ப்பாயில் மஞ்சளாக அடிக்கும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் கனவைத் திறந்தேன். முதலில் மாட்டை எடுத்துவிட்டு ஒரு நல்ல டிரைவரைப் போடலாம் என்றேன்.

"மாடு இருக்கட்டும். அது நம்ம வூட்டு மாடு. தவுடு இல்லாததாலதான் அப்புடி பண்ணிடிச்சி. ஒரு பக்கெட்டு கழனித்தண்ணி வெச்சன்னு போடு."

போட்டேன். பேருந்து தருமபுரி தாண்டியது. தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் ஒரு ஓட்டலில் நின்றது. எல்லோரும் பரோட்டா சாப்பிட்டார்கள் என்று நானாகச் சேர்த்தேன். அக்காவுக்கு வயிறு ஆகாது, இட்லி என்று மாற்றச் சொன்னாள். மாடு கழனித்தண்ணி குடித்துவிட்டு, முன்னால் போகும் லாரிகளுக்கெல்லாம் வழிவிட்டு, கன்றை நக்குவதுபோல மெதுவாக இறங்கியது. அம்மாவின் குரல் மாறிக்கொண்டே வந்தது. திரையைப் பார்க்காமல் எங்கேயோ தள்ளிப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அவ பக்கத்துல நான் ஒக்காந்துருக்கறன். ஜன்னலோரம். மடியில ஒரு நோட்டு."

"நீ எதுக்கும்மா? அப்பாதான போறாரு."

"கனவுதான. போடு. காலேஜி வாசலு வருது. அவளும் எறங்கறா, நானும் எறங்கறன். ஒருத்தரு பேரு கூப்புடறாங்க. அவ பேர கூப்புட்டாங்க. அப்பறம் எம்பேரயும் கூப்புடறாங்க."

தட்டினேன். அதற்குள் அடுப்பில் ஏதோ பொங்கும் வாசம் வந்தது. அம்மா எழுந்து ஓடினாள்.

நான் முழுவதையும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். வகுப்பில் கட்டுரைக்கு முதல் மதிப்பெண் வாங்குகிறவள் நான். பொருந்தாத வாக்கியத்தை எடுத்துவிட வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். கடிதத்தில் ஒரு பேர்தான் இருந்தது, விடுதியில் ஓர் இடம்தான் இருந்தது. அம்மா போகப் போவதுமில்லை. இவ்வளவு பெரிய தப்பை வைத்துக்கொண்டு கனவு எப்படிப் பலிக்கும். கடைசியிலிருந்து எழுத்தெழுத்தாகப் பின்னால் வந்து, அம்மா ஏறி உட்கார்ந்த வரி வரைக்கும் அழித்தேன். பிறகு அக்காவை மட்டும் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டுச் சேமித்தேன்.

அன்று சாயங்காலம் எல்லோரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். பேருந்து தொப்பூரைத் தாண்டியதுமே அம்மா எழுந்துவிட்டாள். "தாண்டிடிச்சா? போதும்," என்று கொடியிலிருந்து சுடிதார்களை எடுக்கப் போனாள். அக்கா இரண்டு ஆள் சோறு சாப்பிட்டாள். மாமா அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் அப்பா டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொள்ள, அக்கா போனாள். மத்தியானம் சேலத்திலிருந்து பக்கத்துக் கடைக்கு அப்பா போன் போட்டார். சேர்ந்தாகிவிட்டது. நான் ஜன்னலோரக் கட்டிலில் குதித்துவிட்டு, விளையாடலாம் என்று கொட்டாய்க்குப் போய் உட்கார்ந்தேன். அம்மா பின்னாலேயே வந்தாள். புடவை மாற்றியிருந்தாள். ஊருக்குப் போகும்போது கட்டும் புடவை.

"அத இன்னொருவாட்டி படி கண்ணு. கடைசி வரைக்கும்."

வேகமாகப் படித்தேன். காரிமங்கலம், தருமபுரி, இட்லி, கழனித்தண்ணி, தொப்பூர், சேலம். கல்லூரி வாசல் வருகிறது. அக்கா இறங்குகிறாள். நிறுத்தினேன்.

அம்மா காத்திருந்தாள். மின்விசிறிபோல அந்தப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

"செரி," என்றாள். "மூடி வை."

அவள் ஏன் அந்தப் புடவையைக் கட்டியிருந்தாள் என்று நான் கேட்கவில்லை. காதுக்குக் கேட்கத்தான் தெரியும். என் இன்றைய வயது அம்மாவின் அன்றைய வயதைவிட அதிகம். எதையாவது தொட்டியில் போடும்போதெல்லாம் இந்த இயந்திரங்கள் நிஜமாகவே வேண்டாமா என்று இன்னும் கேட்கின்றன. பானைப் பாம்புக்குக் கேட்டது, வேர்க்கடலைப் பல்லுக்குக் கேட்டது. எழுத்தெழுத்தாகப் பின்னால் அழித்துக்கொண்டு வரும்போது மட்டும் அது எதையும் கேட்பதில்லை.